“பாஸ்வேர்டு சொல்லுங்கக்கா!”

சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தம் ஓயாத ஒரு தெரு. பார்வையற்ற அந்தப் பட்டதாரிப் பெண், இயர்போனை மாட்டிக்கொண்டு மொபைலில் வேலைக்கு விண்ணப்பிக்கிறார். திரையில் இருப்பதை ‘டாக்பேக்’ வாசித்துச் சொல்கிறது. பெயர், பிறந்த தேதி எல்லாம் தானே நிரப்பிவிட்டார். கடைசியில் வந்தது கேப்சா. வெறும் படம். டாக்பேக்கால் அதை வாசிக்க முடியவில்லை; கேட்டு எழுத ஒலி வசதியும் இல்லை.

வேறு வழியின்றி பிரவுசிங் சென்டர். “பாஸ்வேர்டு சொல்லுங்கக்கா!” பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி சொல்கிறார். வீடு திரும்பியதும் முதல் வேலை, அதை மாற்றுவதுதான்.

இது சலுகை அல்ல, உரிமை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. ஆசிட் வீச்சில் கண்கள் பாதிக்கப்பட்டவர், வங்கிக் கணக்கு தொடங்க கேமரா முன் எப்படிக் கண் சிமிட்டுவார்? அந்த வழக்கில்தான் 2025 ஏப்ரல் 30 அன்று, டிஜிட்டல் சேவைகளை அணுகுவதும் வாழ்வுரிமையின் ஒரு பகுதியே என்றது உச்ச நீதிமன்றம்.

படத்துக்கு ஒரு வரி விளக்கம், பட்டனுக்கு ஒரு பெயர், கேப்சாவுக்கு ஒலி வசதி. இணையதளம் உருவாக்குபவர்கள் இவ்வளவு செய்தால் போதும். அவருடைய பாஸ்வேர்டு அவருக்கு மட்டுமே தெரிந்திருக்கும்.