ஊற்றின் மேல் கொட்டிய கரிமேடு

மலையடிவாரத்தில் காடு கழனி வைத்திருப்பவர்களுக்கு ஊற்றுக்கண் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி அடைமழை நாலு நாள் பிடித்தால் எந்த வரப்பு கசியும், எங்கே மாட்டுக்குக் கால் புதையும் என்பது வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரியும். வேல்ஸ் நாட்டில் அபர்வான் என்ற கிராமத்துக்காரர்களுக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

டாஃப் ஆற்றுப் பள்ளத்தாக்கில், மெர்தர் டிட்வில் நகருக்குத் தெற்கே சுமார் ஆறு கிலோமீட்டரில் இருக்கிறது இந்த ஊர். வேல்ஸ் மொழியில் ‘அபர்’ என்றால் ஓடை ஆற்றில் சேரும் இடம். நம் கூடுதுறை மாதிரி. 1869 வரை இரண்டு வீடுகளும் ஒரு சத்திரமும்தான் ஊரே. பக்கத்து விவசாயிகளும் கால்வாய்ப் படகோட்டிகளும் வந்து போவார்கள்.

அந்த ஆண்டில்தான் ஜான் நிக்சன் என்பவர் ஆற்றோரம் சுரங்கம் தோண்ட ஆரம்பித்தார். 1875-ல் நிலக்கரி வெளியே வந்தது. தொழிலாளர் வீடுகள், ரயில், கடைகள் என ஊர் பெருத்தது. பள்ளத்தாக்கோ குறுகல். கரியோடு வந்த கல்லையும் மண்ணையும் போட இடமில்லாமல், ஊருக்கு மேலே மலைச்சரிவில் கொட்டினார்கள். மொத்தம் ஏழு மேடுகள். 1958-ல் தொடங்கிய ஏழாவது மேடு, ஊற்றின் மேலேயே எழும்பியது. அந்த ஊற்று அரசாங்க வரைபடத்திலேயே இருந்தது. நம் எஃப்.எம்.பி. படத்தில் ஓடை இருந்தும் மனை போடுவதில்லையா, அது மாதிரிதான். போதாததற்கு, கரியைக் கழுவி மிஞ்சிய சகதியையும் அங்கேயே கொட்டினார்கள். 1963-ல் அந்த மேடு ஒருமுறை சரிந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஆபத்து இருக்கிறது என்று நகராட்சிப் பொறியாளர் அதே வருடம் கடிதம் எழுதினார். கொட்டுவது நிற்கவில்லை.

1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. மூன்று வாரமாக மழை. அன்றோடு வகுப்பு முடிந்தால் பிள்ளைகளுக்கு விடுமுறை. காலை 9.15 மணிக்கு, 34 மீட்டர் உயர மேடு ஊற்றுத் தண்ணீரில் குழைந்து கீழே பாய்ந்தது. வழியில் ஒரு பண்ணை வீடு முதலில் போனது. அடுத்து பான்ட்கிளாஸ் தொடக்கப்பள்ளி. இறந்தவர்கள் 144 பேர். அதில் 116 பேர் குழந்தைகள். சுரங்கத்தில் இருந்த அப்பன்மார் மேலேறி ஓடிவந்து, பிள்ளைகளைத் தேடிச் சகதியைத் தோண்டினார்கள்.

ஊற்று இருந்ததே தெரியாது என்றார், சுரங்கத்தை நடத்திய தேசிய நிலக்கரி வாரியத்தின் தலைவர். விசாரணை ஆணையம் அதை ஏற்கவில்லை. பழி வாரியத்துடையதே என்று 1967-ல் அறிக்கை தந்தது. யாருக்கும் வேலை போகவில்லை, வழக்கும் இல்லை. இதைவிட வயிறெரியச் செய்வது அடுத்தது. மிச்ச மேடுகளை அகற்றச் சொல்லி ஊர்க்காரர்கள் கேட்டபோது, பலரும் அனுப்பிய நிவாரண நிதியிலிருந்தே அரசாங்கம் 1,50,000 பவுண்டு எடுத்துக்கொண்டது. 1997-ல்தான், வட்டியில்லாமல், அசல் திரும்பியது. 2007-ல் வேல்ஸ் அரசு 20 லட்சம் பவுண்டு கொடுத்து ஓரளவு சரிக்கட்டியது.

சுரங்கத்தை 1989-ல் மூடிவிட்டார்கள். பள்ளி இருந்த இடம் இப்போது நினைவுத் தோட்டம். மலைச்சரிவில், குழந்தைகளின் கல்லறைகளுக்கு மேல் வெள்ளை வளைவுகள் வரிசையாக நிற்கின்றன. கரிச்சேறு கலந்து கறுத்து ஓடிய டாஃப் ஆற்றுக்கு சால்மன் மீன்கள் திரும்பியிருக்கின்றன.