வராத பிள்ளையைத் தேடுவது யார்?



திருச்சியில் நான் ஓதிக்கொடுக்கும் மக்தப் மதரஸாவுக்கு ஒரு மாணவன் பத்து நாள்கள் வரவில்லை. பதிவேட்டில் குறித்தேன், விசாரிக்கவில்லை. அது நிர்வாகத்தின் வேலை என்றிருந்தேன். நிர்வாகமோ உஸ்தாதின் வேலை என்றிருந்தது. பதினோராம் நாள் அவனுடைய தாயார் வந்து, "ஹஜ்ரத், பிள்ளை மஞ்சள்காமாலையில் கிடந்தான். ஒருவரும் கேட்கவில்லையே" என்றார். தலைகுனிந்தேன்.

அரசுப் பள்ளிகளில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். குறைந்தது பாதிப்பேர் பெண்கள். மார்க்கக் கல்வியை முதன்மையாகக் கொண்ட மதரஸாக்களையும் வேத பாடசாலைகளையும் 2012ஆம் ஆண்டின் திருத்தம் அச்சட்டத்திலிருந்து விலக்கியது. காவிரிக்கு அக்கரையில் ஸ்ரீரங்கத்து வேத பாடசாலைக்கும், இக்கரையில் நம் மதரஸாவுக்கும் இதில் ஒரே நிலைதான். சட்டம் விலக்களித்திருக்கலாம், பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதற்கு விலக்கில்லை.

நிர்வாகத்திடம் இரண்டு வேண்டினேன். மூன்று நாள்கள் வராத பிள்ளையின் வீட்டுக்கு உஸ்தாதே செல்ல வேண்டும். ஆலோசனையில் தாய்மாருக்கும் இடம் வேண்டும். முதலாவது அன்றே ஏற்கப்பட்டது. இரண்டாவது இன்னும் பேச்சில் உள்ளது. இன்ஷா அல்லாஹ், நிறைவேறும். உங்கள் மஹல்லாவிலும் இதைக் கேட்டுப் பாருங்கள்.