ரெண்டு டம்ளர் டீ (சின்ன இழை)

குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரே சண்டை. பொண்ணு ஸ்கூல்ல ஹாலோவீனாம். “வெள்ளைக்காரன் பேய்த் திருவிழா நமக்கெதுக்கு?”ன்னு சித்தப்பா. எனக்கு அந்த நாள்னா ஞாபகம் வர்றது பூசணிக்காய் இல்லங்க, காந்தல்ல இருந்து ஓபிக்கு வந்த ஒரு அம்மா. (அடையாளங்களை மாத்தியிருக்கேன்.)

அறுபதைத் தாண்டினவங்க. மாசாமாசம் பிரஷர், சுகர் மாத்திரைக்கு வருவாங்க. வீட்டுக்காரர் இறந்து நாலு மாசம். அக்டோபர் கடைசி, பதினொரு மணிக்கும் பனிமூட்டம் விலகல. குரலைத் தாழ்த்திக் கேட்டாங்க:

“சார், விடியக்காலைல அவர் இருமுற சத்தம் கேக்குது. எழுந்து ரெண்டு டம்ளர் டீ போட்டுடறேன். எனக்கு மூளை கலங்கிடுச்சா?”

நான் வேலைக்குப் புதுசு. வெளியே நீள வரிசை. ஒரு வார்த்தை விசாரிக்காம மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். அவங்க முகம் சுருங்கினது இன்னும் கண்ணுல நிக்குது.

ராத்திரி தூக்கம் வரல. தேடிப் படிச்சேன். 1971ல டெவி ரீஸ்னு ஒரு டாக்டர், வேல்ஸ் கிராமப் பகுதியில துணையை இழந்த 293 பேரைக் கேட்டிருக்கார். கிட்டத்தட்ட பாதிப் பேர் இறந்தவங்களைப் பார்த்திருக்காங்க, குரலைக் கேட்டிருக்காங்க, இல்லன்னா பக்கத்துல இருக்கிறதா உணர்ந்திருக்காங்க. பெரும்பாலானவங்க அதை யார்கிட்டயும் சொன்னதே இல்ல.

வேல்ஸ், கெல்டிக் மண். அங்க அக்டோபர் 31 ராத்திரி ஆவிகள் நடமாடும்னு பழைய நம்பிக்கை. பக்கத்துல அயர்லாந்துல அதே ராத்திரிதான் ‘சவின்’. ஹாலோவீனோட வேர்னு சொல்றது இதைத்தான். அறுவடை முடிஞ்சு, மேய்ச்சல் மாடுகளை மலையிலிருந்து இறக்கி, குளிர்காலம் தொடங்குற நேரம். பண்டைய கெல்ட்கள் இதைப் பத்தி எதுவும் எழுதி வைக்கல. நமக்குக் கிடைச்சது பின்னால வந்த ஐரிஷ் ஏடுகளும் நாட்டார் வழக்கும்தான். அந்த வழக்குல இறந்தவங்க வீடு திரும்புவாங்க. சாப்பாடு எடுத்து வைப்பாங்க, அடுப்படியில இடம் விடுவாங்க. விளக்கு செஞ்சது பூசணியில இல்ல, டர்னிப்ல. நம்ம ஊட்டி மார்க்கெட்ல கிடைக்குதே, அதே டர்னிப்! பூசணி அமெரிக்கா போனப்புறம் வந்தது.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள் வேற வழி. சுமார் 1000-ம் ஆண்டுவாக்குல, பிரான்ஸ்ல க்ளூனி மடத்துத் தலைவர் ஓடிலோ தொடங்கி வச்சது. காந்தல்ல குருசடி கோயில் இருக்கிறது உங்களுக்குத் தெரியும். அந்த அம்மாவும் கோயிலுக்குப் போறவங்கதான்.

அடுத்த மாசம் வந்தாங்க. என் சீட்டை எடுத்துட்டு எங்கயும் போகல. நான் மன்னிப்புக் கேட்டு, ரீஸ் கதையைச் சொன்னேன். “அப்போ பாதிப் பேருக்கா சார்?”னு ரெண்டு தடவை கேட்டாங்க. அப்புறம் அவங்களா சொன்னாங்க, கல்லறையில மெழுகுவர்த்தி ஏத்தி, மழையில அணைஞ்சு, திரும்ப ஏத்தினதை.

ஒண்ணு சொல்லிடறேன். குரல் எதையாவது செய்யச் சொல்லி ஏவினா, தூக்கம் சாப்பாடு போனா, சாகணும்னு தோணினா, உடனே டாக்டர்கிட்ட வாங்க. 14416க்கு எந்நேரமும் கூப்பிடலாம்.

“இப்பவும் கேக்குதாம்மா?”

“கேக்குது சார். ரெண்டாவது டம்ளரையும் நானே குடிச்சிடறேன்.”

ரெண்டுலயும் சர்க்கரை போடுறீங்களான்னு கேட்டேன். சிரிச்சுட்டாங்க, பதில் வரல.