சூளைக் கணக்கும் தன்விவரக் குறிப்பும்

விருத்தாசலம் என்றவுடன் பழமலைநாதர் திருக்கோயிலும் மணிமுத்தாறும் நினைவிற்கு வருதல் இயல்பே. ஆயினும், அவ்வூரில் பிழைப்புத் தேடும் இளைஞர் பலர்க்கு முதற்கண் தோன்றுவது பீங்கான் தொழிலேயாம். நெய்வேலிக் களிமண் அண்மையிற் கிடைத்தலும், அரசினர் செராமிக் தொழில்நுட்பக் கல்லூரி அவ்வூரில் அமைந்திருத்தலும் அத்தொழிற்குப் பெருந்துணை.

ஆண்டுள்ள தொழிற்கூடமொன்றில் மூன்றாண்டு உழைத்த இளைஞரொருவர், தம் தன்விவரக் குறிப்பை எம்மிடம் காட்டினார். நான்கு ஆலைகட்கு அனுப்பியும் மறுமொழி இல்லை. தங்கையின் கல்விச் செலவோ அவரையே நம்பியிருந்தது. குறிப்பில், "கடின உழைப்பாளி, பொறுப்புணர்ச்சி மிக்கவர், சூளைப் பணியில் தேர்ந்தவர்" என்று கண்டிருந்தது. அவை பொய்யல்ல. ஆயின், யாவரும் எழுதத்தக்க சொல் ஒருவர்க்கும் சான்றாகாதன்றோ?

"ஐயா, சொல்லத்தக்க சாதனை யாதும் என்னிடம் இல்லையே" என்றார். "சூளை பிரிக்கையில் கழிவை எண்ணுவதுண்டோ?" என வினவினோம். நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொணர்ந்தார். முதலாண்டில், பியூஸ் கட்டைகளில் நூற்றுக்கு 14 வெடித்தும் வளைந்தும் கழிந்திருந்தன. ஈராண்டின் பின் அது 8 ஆயிற்று. உடனே எழுதுவித்தோம்: "உலர்த்துங் காலத்தை நீட்டியும் அடுக்குமுறையைத் திருத்தியும், சூளைக் கழிவை ஈராண்டில் நூற்றுக்கு 14-லிருந்து 8-ஆகக் குறைக்க உதவினேன்." செய்தது, செய்த முறை, விளைந்த பயன் ஆகிய மூன்றும் அவ்வொரு வரியில் அடங்கின. "குறைத்தேன்" என்னாது "உதவினேன்" என்றது, உடனுழைத்தோர் பங்கை மறவாமைப் பொருட்டு.

ஆங்கில நாட்டுக் குயவர் ஜோசையா வெட்ஜ்வுட், களிமண் துண்டு சூட்டிற் சுருங்கும் அளவைக்கொண்டு சூளையின் வெப்பத்தை அறியும் கருவியொன்றை 1782-இல் வெளியிட்டார். தணலின் நிறத்தைக் கண்ணாற் கண்டு மதித்த தொழிலுக்கு அளவுகோல் வாய்த்தது. மறு ஆண்டே அவர் ராயல் சங்கத்தின் உறுப்பினராயினார். எனினும், அவர் கணித்த வெப்பநிலைகள் மிகையென்று பின்னாளில் தெரியலாயிற்று. ஆதலின், எண்ணென்று எழுதிவிட்டாற் போதாது. கேட்பார்க்கு விளக்கிக் காட்டவும் இயலவேண்டும்.

நிற்க. ஐந்தாம் ஆலை அவ்விளைஞரை நேரிற் காண அழைத்தது. வினாக்கள் பெரும்பாலும் அவ்வொரு வரியைப் பற்றியனவே. நோட்டுப் புத்தகம் விடை பகர்ந்தது.

மாணவ நண்பர்காள்! நூலகத்தில் அடுக்கிய நூல்கள் எத்தனை, மாலைப் பள்ளியிற் கற்பித்த சிறுவர் எத்துணையர், விழாச் செலவில் மிச்சமானது எவ்வளவு என்பவற்றை அன்றன்றே குறித்து வைம்மின். வேலை தேடும் நாளில் நினைவு கைவிடினும், குறிப்பு கைவிடாது.