ஓரி மலையில் ஒரு லாயம்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எழுதல. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு சொன்னா அது பொய். நாலு மாசமா சனி, ஞாயிறெல்லாம் நிலம் பார்க்க அலைஞ்சிட்டு இருந்தேன். எதுக்குன்னா, குதிரை வளர்க்க. சிரிக்காதீங்க மக்களே, சிரிக்க வேண்டியவங்க எல்லாம் வீட்லயே சிரிச்சு முடிச்சுட்டாங்க. "முதல்ல பைக்குக்கு இன்சூரன்ஸ் கட்டுங்க" என்பது தங்கமணியின் திருவாய்மொழி.

இந்தக் கிறுக்கு ஆரம்பிச்சது ஆறாவது படிக்கும்போது. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிப் பண்டிகைக்கு அப்பா கூட்டிட்டுப் போனார். அங்க மாட்டுச் சந்தையோட குதிரைச் சந்தையும் கூடும். மார்வாரி, கத்தியவார்னு வடக்கத்திக் குதிரையெல்லாம் வந்து நிக்கும். ஒரு பெரியவர் ஒரு வெள்ளைக் குதிரையோட நெத்தியில விரல் வெச்சு சுழி பார்த்தார், பல்லைப் பிரிச்சு வயசு சொன்னார். அப்புறம் என்னைத் தூக்கி அது முதுகுல உட்கார வெச்சார். இறங்கும்போது அழுதேனாம். அப்பா இன்னமும் சொல்லுவார்.

பொட்டி தட்டி அஞ்சாறு வருஷம் சேர்த்த காசுல ரெண்டு ஏக்கர், ரெண்டு குதிரை, ஒரு லாயம். இதான் பிளான். எக்ஸெல் ஷீட் போடாம நாம எதைச் செஞ்சிருக்கோம்? நானூறு கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு எட்டு கிலோ காய்ஞ்ச தீனி, முப்பது லிட்டர் தண்ணி, மேல கொஞ்சம் கொள்ளு. அதோட, நல்ல வெயில்ல வாடாத ஊர் வேணும். 1824-லயே கம்பெனிப் பட்டாளத்துக்குக் குதிரை வளர்க்க ஓசூர் மத்திகிரியிலதான் பண்ணை போட்டாங்க. ஓசூர் 900 மீட்டர் உயரம். எங்க நாமக்கல் பக்கத்துல அதைவிட உசரமா எது இருக்கு? கொல்லிமலை! அதுலயும் அது ஓரியோட மலை. சிறுபாணாற்றுப்படை ஓரியையும் அவன் குதிரையையும் ஒரே பேர்லதான் சொல்லுது. எனக்கு இது போதாதா?

காரவள்ளியிலேர்ந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. முப்பதாவது வளைவுலயே எக்ஸெல் ஷீட்ல ஒரு வரி விட்டுப் போனது உறைச்சுது. குதிரையை இதுல எப்படி ஏத்துறது? ஏத்தினாலும், குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. வயித்து வலி வந்தா சில மணி நேரத்துல உயிர் போயிடும். வைத்தியத்துக்கு நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்கு வரணும்னா இதே எழுபது வளைவும் இறங்கணும். ராத்திரி, மழை, பனி வேற. சரி, பார்த்துக்கலாம்னு மேல போயிட்டேன். ஆசை இருக்கே, அது அப்படித்தான்.

கொல்லிமலையைப் பதினாலு நாடாப் பிரிச்சு வெச்சிருக்காங்க. புரோக்கர் கூட்டிட்டுப் போனது பைல் நாட்டுக்கு. படிப்படியா இறங்குற ரெண்டு ஏக்கர் காடு. சில்வர் ஓக் மரத்துல மிளகுக் கொடி, நடுவுல ரெண்டு பலா, கீழே ஓடை. விலை கேட்டா, நாமக்கல்ல ஒரு பிளாட்டுக்குச் சொல்றதைவிடக் கம்மி. எனக்குக் கை நடுங்குச்சு. அங்கேயே மனசுக்குள்ள லாயம் கட்டிட்டேன்.

காட்டுக்காரர் மலையாளி. (கேரளா இல்லீங்க. காஞ்சிபுரத்துலேர்ந்து வந்தோம்னு சொல்லிக்கிற மலைவாழ் மக்கள். பழங்குடிப் பட்டியல்ல இருக்கறவங்க.) அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி, "குதிரைய அவுத்து விடுவீங்களா தம்பி?"

ஆமாங்கய்யான்னேன்.

"சுத்தியும் குச்சிக்கெழங்குக் காடு. அந்தத் தழையப் பச்சையாத் தின்னா ஆடு மாடே சாவுது. குதிரைக்கு மட்டும் ஆவாதா?"

மரவள்ளியைத்தான் சொல்றார். சாமை, கேவுரு விளைஞ்ச காட்டுல சேகோ ஆலைக்காக மரவள்ளி வந்ததும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் நெட்ல படிச்ச எந்தக் குதிரைப் பக்கத்துலயும் இது இல்ல. மார்கோ போலோ பாண்டிய நாட்டுக்கு வந்தப்போ, இங்க குதிரைக்குச் சோறு ஆக்கிப் போட்டுச் சாகடிக்கறாங்கன்னு எழுதி வெச்சார். அந்த வரிசையில நானும் சேர்ந்திருப்பேன்.

அடுத்து பத்திரப் பேச்சு. மலையாளிகளுக்கு அரசு ஒப்படை பண்ணின நிலத்தை மத்தவங்க பேருக்கு மாத்த அதிகாரிங்க அனுமதி வேணும், வருவாய் நிலையாணை 15-லயே இருக்கு. அதைக் கேட்டதும் புரோக்கர் சிரிச்சார். "பட்டா அவர் பேர்லயே இருக்கட்டும் சார். வெள்ளைப் பேப்பர்ல ஒரு அக்ரிமெண்ட், ஒரு பவர். இங்க நெறைய பேர் இப்படித்தான் ரிசார்ட்டே வெச்சிருக்காங்க."

விலை ஏன் கம்மின்னு அப்பதான் புரிஞ்சுது.

புரோக்கர் போன் பேச நகர்ந்தப்போ பெரியவர்கிட்ட ஏன் விக்கறீங்கன்னு கேட்டேன். பேத்தி நர்சிங் சேர்ந்திருக்கா, ஃபீஸ் கட்டணும். "பணமும் வேணும் தம்பி, காடும் போவக் கூடாது. ரெண்டும் எப்படி நடக்கும்? நீங்க கையெழுத்துப் போட்டா நான் சாவற வரைக்கும் உங்க காட்டுக்குக் காவக்காரன். நான் செத்தா என் பசங்களுக்கும் உங்களுக்கும் வழக்கு." கோபமே இல்லாம சொன்னார், வானிலை சொல்ற மாதிரி.

இறங்கும்போது செம்மேட்டுல ஓரி சிலைகிட்ட வண்டியை நிறுத்தி டீ குடிச்சேன். ஓரியைக் கொன்னது முள்ளூர்க் காரி. மலையைப் பிடிச்சு, தான் வெச்சுக்காம சேரன் கையில குடுத்துட்டான். கொல்லிமலையோட முதல் லேண்ட் புரோக்கர் காரிதான்னு தங்கமணிக்குப் போன்ல சொன்னேன். "அப்ப சேரன் யாரு, நீங்களா?"ன்னா. பதில் சொல்லத் தெரியல.

அந்த நிலத்தை வாங்கல. புரோக்கர் ரெண்டு வாரம் போன் அடிச்சுட்டு விட்டுட்டார்.

கடைசியா மலையடிவாரத்துல, பேளுக்குறிச்சி பக்கம், ஒரு ஏக்கர் இருபது சென்ட். விலை ரெண்டு மடங்கு, பரப்பு பாதிக்கு மேல கொஞ்சம். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ் எல்லாம் வக்கீல்கிட்டக் காட்டி, போன மாசம் கிரயம் முடிஞ்சுது. ரெண்டு குதிரை ஒண்ணா ஆயிடுச்சு. அதுவும் அடுத்த ஆடிக்குத்தான், கையில காசு இல்ல. வெயில் வாட்டும். வேப்ப மரம் நாலு இருக்கு, அதுக்கு நடுவுல லாயம்.

இப்போதைக்கு அருகம்புல் நட்டிருக்கேன். குதிரைக்கு அதைவிட நல்ல மேய்ச்சல் இந்த வெயில்ல கிடைக்காது. வேலிக்கு அந்தப் பக்கத்துக் காட்டுக்காரர் மூணு நாளா வந்து பார்த்துட்டுப் போறார். அருகை ஒழிக்க ஊரே மருந்தடிக்குது, நான் கூலி குடுத்து நடறேன் :-)

பைல் நாட்டுப் பெரியவர் நேத்து போன் பண்ணினார். காட்டை இன்னும் விக்கல, மிளகு வித்து முதல் தவணை கட்டியாச்சாம். ரெண்டாவதுக்கு என்ன பண்றதுன்னு தெரியலையாம். பேளுக்குறிச்சி சந்தைக்கு வரும்போது எட்டிப் பார்க்கறேன்னார். வெக்கறதுக்கு முன்னாடி குச்சிக்கெழங்குக் காடு பக்கத்துல இருக்கான்னு பார்த்தியான்னு ஒரு அதட்டல் வேற.

பார்த்தேன். தெக்கால ஒண்ணு இருக்கு. வேலிக் கம்பிக்கு விலை விசாரிச்சிட்டு இருக்கேன்.