கொரங்காட்டைப் பற்றி எழுத ஓர் ஆள்

தாராபுரத்திலிருந்து கரூர் சாலையில் மூலனூர் நோக்கிப் போனால், அமராவதிப் பாசனத்தின் பசுமை கொஞ்ச தூரத்திலேயே விட்டுப்போகும். பிறகு இரண்டு பக்கமும் கிளுவை வேலிதான். வேலிக்குள் கொழுக்கட்டைப் புல், நடுவில் அங்கங்கே குடைபிடித்தாற்போல் வெள்வேல மரம், அதன் நிழலில் செம்மறிகள். வெளியூர்க்காரர் பார்த்தால் தரிசு என்பார். இதுதான் கொரங்காடு. காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், குண்டடம் வட்டாரத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் மேய்ச்சல் நிலம்.

இதைப் புறம்போக்கு என்று எண்ணிவிடக் கூடாது. அத்தனையும் பட்டா நிலம். ஏழெட்டு ஏக்கர் உள்ளவர் அதை இரண்டு மூன்று வலசாகப் பிரித்து, ஒன்றில் மேய்த்து மற்றதைத் தழைய விடுவார். கிளுவைக் குச்சியை மழைக்கு முன் நட்டால் துளிர்த்துவிடும். கம்பி வேலிக்கு ஆகும் செலவு இல்லை. கோடையில் புல் காய்ந்த நேரத்தில் வெள்வேலங்காய் பழுத்து உதிர்கிறது. ஆடு அதைத் தின்று புழுக்கையோடு விதையைப் போடுகிறது, அடுத்த மழைக்கு அது முளைக்கிறது. மரம், புல், ஆடு மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் ஏற்பாடு இது. காங்கயம் மாடு உருவானதும் இந்தப் புல்லில்தான். இதற்கு உரிய மதிப்பை வேளாண்மைப் புள்ளிவிவரம் இன்னும் கொடுக்கவில்லை. சாகுபடி இல்லாத நிலம் என்ற கணக்கிலேயே பெரும்பாலும் போய்விடுகிறது.

மூலனூர் என்றால் பலருக்கு ஒழுங்குமுறை விற்பனைக் கூடமும் அங்கு நடக்கும் பருத்தி ஏலமும் நினைவுக்கு வரும். பக்கத்துக் கன்னிவாடி ஆட்டுச் சந்தையும் பேர்போனதே. ஊரின் இளைய கைகளோ பனியன் கம்பெனிக்கும் விசைத்தறிக்கும் போய்விட்டன. விடியும்முன் கம்பெனி வேன் வந்து ஆட்களை ஏற்றிப் போகிறது. தோட்டத்தில் வயதானவர்கள்தான் மிச்சம். முன்பு ராத்திரியில் பட்டிக்குப் பக்கத்தில் கட்டிலைப் போட்டுப் படுக்க ஓர் ஆள் இருப்பார். இன்று பல பட்டிகளில் ஆடு மட்டும் இருக்கிறது.

இந்த இடைவெளியில்தான் தெருநாய்கள் புகுந்தன. சில ஆண்டுகளாகக் காங்கயம், வெள்ளகோவில், மூலனூர் பகுதிகளில் நாய்க்கூட்டம் பட்டிக்குள் நுழைந்து ஆடுகளைக் கடித்துக் குதறுவது தொடர்கதை ஆகிவிட்டது. இறந்த ஆடுகளைச் சாலையில் போட்டு விவசாயிகள் மறியல் செய்த பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. 2025இல் அரசு நிவாரணம் அறிவித்தது. ஆனால் நிவாரணம் காகிதத்தின் வழியேதான் வரும். என்றைக்கு, எத்தனை உருப்படி, எந்த வயது, சினையா இல்லையா என்ற விவரத்தோடு கால்நடை உதவி மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்றும் வேண்டும். துக்கத்தில் விடிந்ததும் குழிதோண்டிப் புதைத்துவிட்டால் பிறகு காட்ட ஒன்றுமில்லை. காப்பீடு செய்த ஆடு என்றால் காதுவில்லையும் பத்திரமாக இருக்க வேண்டும்.

கடிபட்டுப் பிழைத்தவற்றின் கதை வேறு. காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, வெறிநோய்த் தடுப்பூசியை அன்றைக்கும், பிறகு 3, 7, 14, 28ஆம் நாட்களிலும் போட வேண்டும். நாய் துரத்திய மிரட்சியில் சினை ஆடு சில நாள் கழித்துக் கருவீசுவதும் உண்டு. அந்தக் குட்டிகள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. யாராவது எழுதி வைத்தால்தான் வரும்.

ஆட்டையும் படித்து, எழுதவும் தெரிந்த ஒரு கல்லூரி மாணவர் என்ன செய்துவிட முடியும் என்று கேட்கலாம். அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1970களில் கால்நடை அறிவியலில் முதுகலை படித்தவர் டெம்பிள் கிராண்டின். ஆட்டிசம் உள்ளவர், ஏறத்தாழ நான்கு வயதுவரை பேச்சே வரவில்லை. படிக்கும்போதே அரிசோனாவின் விவசாயப் பத்திரிகை ஒன்றில் எழுதத் தொடங்கினார். பத்திரிகைக்காரர் என்ற அட்டை, அந்நாளில் பெண்களை எளிதில் உள்ளே விடாத மாட்டுப் பண்ணைகளின் கதவைத் திறந்துவிட்டது. மாடுகள் ஊசிக்கொட்டிலுக்குள் போக ஏன் முரண்டு பிடிக்கின்றன என்று பார்க்க, மாடு நடக்கும் பாதையிலேயே அவர் இறங்கி, அதன் கண்மட்டத்தில் குனிந்து நடந்தார். தொங்கும் சங்கிலி, வேலிமேல் போட்ட சட்டை, தரையில் விழுந்த நிழல்: மனிதர் கண்ணில் படாத இவைதான் மாட்டை நிறுத்தின. அவற்றை அகற்றினால் அடியும் தேவையில்லை, கத்தலும் தேவையில்லை. 1975இல் முதுகலை முடித்தார். பிறகு அவர் வகுத்த வளைவுப் பாதைக் கொட்டில்கள் பல நாடுகளுக்குப் போயின.

கன்னிவாடிச் சந்தையில் ஆட்டை மினி லாரியில் ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். காதையும் காலையும் பிடித்து இழுப்பார்கள். வெயிலில் நின்ற ஆட்டுக்கு லாரியின் உள்ளே ஒரே இருட்டு, எப்படிப் போகும்? பின்பக்கத்தை நிழலில் நிறுத்தி, ஆடாத பலகை போட்டு, பழகிய ஓர் ஆட்டை முன்னால் விட்டால் மற்றவை தாமே தொடரும். இதை எழுத ஆராய்ச்சி நிதி வேண்டாம். ஒரு காலைப்பொழுது போதும்.

இந்த மாவட்டத்திலேயே உடுமலையில் 2020இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. பயிற்சிக் காலத்தோடு சேர்த்து ஐந்தரை ஆண்டுப் படிப்பு. பாடம் ஆங்கிலத்தில். ஆனால் மூலனூரில் பிறந்த பிள்ளைக்குத் துள்ளுமாரி என்ற சொல் பாடப்புத்தகத்துக்கு முன்பே தெரியும். மழைக்குப் பின் தழைத்த இளம்புல்லை மேய்ந்ததும் நன்றாக இருந்த குட்டி திடீரெனத் துள்ளி விழுந்து சாவதை வீட்டிலேயே பார்த்திருக்கும். காரணம் குடலில் பெருகும் நுண்ணுயிரின் நஞ்சு, மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்பதை அது கல்லூரியில் கற்கிறது. இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதக்கூடியவர் அந்தப் பிள்ளைதான். வெளியிலிருந்து வரும் நிருபருக்கு அது கைகூடாது. கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் 'கால்நடைக் கதிர்' போன்ற இதழ்கள் இருக்கின்றன. மாணவர் பத்திரிகையாளர் பயிற்சியை விகடன் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறது.

எங்கிருந்து தொடங்குவது என்றால், வீட்டுப் பட்டியிலிருந்துதான். எழுபது வயது அப்பத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதலாம்: எந்த ஆடு எந்தத் தேதியில் ஈன்றது, ஆட்டுக்கொல்லி நோய்க்கு எப்போது ஊசி போட்டது, குடற்புழு மருந்து எப்போது, எந்த வலசில் எத்தனை நாள் மேய்ந்தது, ராத்திரி நாய் எந்தப் பக்கத்து வேலி ஓட்டையில் நுழைந்தது. அப்பத்தாவுக்கு இதெல்லாம் மனப்பாடம். தேதி மட்டும் அமாவாசை, நோம்பிக் கணக்கில் வரும். அதைக் காலண்டர் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும்.