செட்டு போச்சா, ஒயரு போச்சா?

கார்ல பாட்டு மக்கர் பண்ணினா "செட்டு போயிடுச்சு சார், புதுசு போட்டுக்கங்க"ன்னு சொல்றவங்க எல்லா ஊர்லயும் உண்டு. எங்க தென்னூர் மட்டும் விதிவிலக்கா என்ன? ஆனா நான் கழட்டிப் பார்த்த வரைக்கும் செட்டு பாவம் பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும். கோளாறு அதுக்குப் பின்னாடி ஒயர்ல.

பக்கத்து வீட்டு மாமாகிட்ட பழைய மாருதி 800 ஒண்ணு இருக்கு. மாமியோட ஸ்ரீரங்கம் போய்வர அதுதான் வாகனம். ஆக்சிலேட்டரை மிதிச்சா ஸ்பீக்கர்ல "ஙொய்ய்ய்"னு ஒரு சத்தம். மிதிக்க மிதிக்க சத்தமும் ஏறும். கடையில புது செட்டுதான் வழின்னுட்டாங்க. பென்ஷன்காரர், என்ன செய்வார்?

"மாமா, இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு சாவியை மட்டும் திருப்பிப் பாட்டு போடுங்க"ன்னேன். கணீர்னு பாடுச்சு. அப்போ செட்டு மேல பழி போட முடியாது. இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் பண்ற ஆல்டர்நேட்டர், மின்சாரத்தைக் கொஞ்சம் நடுக்கத்தோடதான் அனுப்பும். எர்த் சரியில்லைன்னா அந்த நடுக்கம் ஸ்பீக்கர்ல சத்தமா வரும். செட்டோட கறுப்பு ஒயரை உருவிப் பார்த்தா, பெயிண்ட் அடிச்ச தகட்டு மேலயே ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்காங்க! பெயிண்ட் கரண்டைக் கடத்துமா? உப்புத்தாளால தேய்ச்சு, பளபளன்னு இரும்பு தெரிஞ்சதும் திரும்ப முடுக்கினோம். ஙொய் போயே போச்சு :-)

மத்த தொல்லைகளுக்கும் கைவைத்தியம் உண்டு. (கை வைக்கிறதுக்கு முன்னாடி பேட்டரியோட நெகட்டிவைக் கழட்டிடுங்க.)

வண்டியை நிறுத்தினா கடிகாரமும் ஸ்டேஷனும் மறந்துபோகுதா? வெளியில வாங்கிப் போடுற செட்டுல பொதுவா மஞ்சள் ஒயருக்கு எப்பவும் 12 வோல்ட் வரணும், சிவப்புக்கு சாவி திருப்பினா மட்டும். ரெண்டையும் மாத்திக் கொடுத்தா இந்த மறதி வரும். ரெண்டையும் ஒண்ணா முறுக்கி மஞ்சளோட லைன்ல கொடுத்திருந்தா, சாவியை எடுத்தாலும் செட்டு அணையாம நீங்க தூங்கும்போது பேட்டரியைக் குடிச்சிட்டிருக்கும்.

ஒரு பக்கம் மட்டும் ஊமையா? அந்த ஸ்பீக்கர் ஒயர் ரெண்டையும் செட்டுலேருந்து பிரிச்சு, 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடுங்க. "டப்"னு கேட்டா ஸ்பீக்கர் உயிரோட இருக்கு.

எஃப்எம் கரகரக்குதா? திருச்சி வானொலியோட 102.1 ஊருக்குள்ளேயே இழுக்கலைன்னா, ஸ்டேஷனைத் திட்டாதீங்க. செட்டுக்குப் பின்னாடி ஆன்டெனா பின் நழுவியிருக்கான்னு பாருங்க.

செட்டு செத்தே கிடந்தா முதல்ல ஃப்யூஸ். இங்கதான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு. மாமா வண்டியில 10 ஆம்பியர் ஃப்யூஸ் இருக்கவேண்டிய இடத்துல செம்புக் கம்பியைச் சுத்தி வச்சிருந்தாங்க. "அது நல்லாத்தானேப்பா பாடிட்டிருந்தது?"ன்னார் மாமா. பாடும் மாமா, ஒயர் எங்கேயாவது உராய்ஞ்சு பாடியில தொடுற வரைக்கும். அப்போ கம்பி உருகாது, ஒயர்தான் பழுத்து எரியும். ஃப்யூஸ் காப்பாத்துறது செட்டை மட்டும் இல்ல, ஒயரை. அதாவது வண்டியை, உள்ள உட்கார்ந்திருக்கற மாமியை.

ஃப்யூஸ் அடிக்கடி போனா பெரிய ஆம்பியர் போடாதீங்க, எங்க உராயுதுன்னு தேடுங்க. புது ஃப்யூஸ் ஒரு டீ காசுதான். ரெண்டு வாங்கி டேஷ்போர்டுல போட்டு வைங்க. செட்டு மாத்துற யோசனையெல்லாம் அதுக்கப்புறம்.